மச்சானுக்கு வைத்த கட்டில்

மகன்,

இலங்கை கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வென்ற வருசம் அது. சுவிஸ் அகதி முகாமில் சிங்களவர்களோடு சேர்ந்திருந்து அந்த ஆட்டத்தை டிவியில் பார்த்ததாக நீ பிறகு ஒருநாள் போனில் சொன்னாய். எங்களுக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது, வேறு விதமாக. வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரையில் இருந்த ஆமிக்காரர் சந்தோசம் தாங்காமல் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், பரா வெளிச்சக் குண்டு விட்டார்கள். இந்தப் பக்கம் படுவான்கரையில் நாங்கள் சண்டை தொடங்கிவிட்டது என்று பங்கருக்குள் ஓடினோம். உன் அம்மா பங்கருக்குள் குந்திக்கொண்டு கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். பந்தடியில் வென்ற சங்கதி விடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த வருசம் மழை பொய்த்தது. கொழும்பில் கரண்ட் வெட்டுகிறார்கள் என்று றேடியோ சொன்னது. எங்களுக்கு வெட்டுவதற்குக் கரண்ட் இருக்கவில்லை. அந்தப் பங்கருக்குள் இருந்தபோதுதான் எனக்கு அடிவயிறு முட்டியது. வெளியே வந்து வேலியோரம் குந்தினேன். சலம் வரவில்லை. சொட்டுச் சொட்டாகப் போவது கொஞ்சக் காலமாகவே இருந்ததுதான். அன்று ஒரு சொட்டும் இல்லை.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை மையில் தொடுகிறவன். ஆனால் கண்டதை மறக்கிற வரம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் மச்சான், உன் தங்கையின் புருசன். தங்கையின் எழுத்து இன்னும் அழகு என்கிறார்கள், ஆனால் இது ஆம்பிளைச் சங்கதி, மகளிடம் எப்படிச் சொல்வது? போனில் சொன்னால் நீ ‘சரியப்பா, மறுகா கதைப்பம்’ என்று வைத்துவிடுவாய். எழுத்தை அப்படி வைக்க ஏலாது. சுவிஸில் உங்கள் ஊர்ச் சங்கம் வருசா வருசம் அச்சடிக்கிற மலரில் இதை ஒன்றும் மறைக்காமல் போடச் சொல்லியிருக்கிறேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். உன்னைப் போல அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயை மூடித் திரிகிறவர்கள் அந்தச் சங்கத்தில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

போன கிழமை உன் பெண்சாதி உன் தங்கைக்குப் போன் எடுத்து அழுதாள். உனக்குச் சலம் அடைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதையும், குழாய் வைத்து எடுத்ததையும், ஒப்பரேசனுக்கு நாள் கொடுத்ததையும், நீ அந்த நாளை வேண்டாம் என்று சொன்னதையும் எல்லாம் சொன்னாள். ஏன் வேண்டாம் என்றாயாம்? வைகாசிச் சடங்குக்கு ஊருக்கு வந்து, மாமாவின் இடத்தில் நின்று அம்மன் கதவைத் திறந்து, அம்மனைக் குளிரவைக்கிற கடைசி நாள் குளுத்தியும் முடித்துவிட்டுப் பார்ப்பாயாம். அதைக் கேட்டதும் நான் உன் தங்கையிடம் போனை வைக்கச் சொன்னேன். முற்றத்தில் போய் நின்றேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, மகன். ஆத்திரம்.

உன் பெரிய மாமா, உன் அம்மாவின் அண்ணன், எனக்கு மச்சான், நம்மூர்க் கண்ணகை அம்மன் கோயிலின் கட்டாடியார். பூசை அவருடையது, சாவி அவருடையது. வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற கதவை வைகாசியில் அவர்தான் திறக்க வேண்டும். எனக்கு அடைத்த அதே மாதத்தில் அவருக்கும் அடைத்தது. ஒரே வயதுக்காரர் நாங்கள். இரண்டு பேரும் வாவியைக் கடந்து பெரியாசுபத்திரிக்குப் போனோம். சலம் வருகிற வழியில் ஒரு கழலை வீங்கி வழியை நெரிக்கிறது, வயது போன ஆம்பிளைகளுக்கு வருவதுதான், வயிற்றைக் கீறி அதை எடுத்தால் சரி என்றார் டொக்டர். ஆனால் அன்றைக்கு எடுக்க அவரால் முடியாது. ஷெல் பட்டவர்களும் சூடு பட்டவர்களும் வாசலில் பாயில் கிடந்தார்கள். கை போனவனுக்கு முன்னால் மூத்திரம் போகாதவன் எப்படி நிற்பது? குழாய் வைத்து, அதன் நுனியில் ஒரு பை கட்டி, பிறகு கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மச்சான் அந்தப் பையைத் தொடையில் கட்டிச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தார். குழாய் மாற்றுவதற்காக அடுத்த தடவை போனபோது, துறையில் நின்ற ஆமிக்காரன் தடவிப் பார்க்கையில் கையில் பை தட்டுப்பட்டது. அவன் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான்.

“மொகத மேக்க?” இது என்ன என்று சிங்களத்தில் கத்தினான்.

“மூத்திரம்” என்றார் மச்சான்.

அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. சாரத்தைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினான். பின்னால் வரிசையில் எங்கள் ஊர்ப் பெண்கள் நின்றார்கள். சடங்குக் காலத்தில் இவருடைய காலைத் தொட்டுக் கும்பிடுகிறவர்கள். எல்லாரும் வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மச்சான் சாரத்தைத் தூக்கினார். வயது போன இன்னொரு ஆமிக்காரன் ஓடிவந்து பார்த்துவிட்டு, “விடு, விடு. என்ட அப்பாவுக்கும் இதுதான்” என்று அரைத் தமிழில் சொல்லி அவரைப் போகவிட்டான். அவன் நல்லவன்தான். ஆனால் மச்சானுக்கு அந்த நல்லதும் சேர்ந்து குத்தியது. பாதையில், அதுதான் ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கிற அந்தத் தட்டைப் படகில், அவர் என்னைவிட்டுத் தள்ளி ஏறி நின்றார். நான் சும்மா இருக்க மாட்டாமல், “மச்சான், உங்கட குண்டு வெடிக்காம வந்திட்டு” என்றேன். கரை வரைக்கும் என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில் நாள் வந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அந்தக் கிழமையில்தான் சடங்குக்குக் கதவு திறக்கிறார்கள். மச்சான் போகமாட்டேன் என்றார். உன் அம்மா அவருடைய காலடியில் இருந்து அழுதாள்.

“அண்ணன், வேற ஆரையாவது திறக்கச் சொல்லுங்க. உசிரு பெரிசா, கதவு பெரிசா?”

“ஆரச் சொல்ற? எனக்குப் பிறகு உன்ட மகன்தான். அவன் எங்க?”

உன் அம்மா எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள். நம்முடைய முறை உனக்குத் தெரியும். சொத்தும் கோயில் உரிமையும் தாய்வழியில்தான் இறங்கும். மாமாவின் இடம் மகனுக்கு இல்லை, மருமகனுக்கு. அவருக்குத் தங்கை ஒருத்தி, அந்தத் தங்கைக்கு மகன் ஒருத்தன். அந்த ஒருத்தனை ஆமியோ இயக்கமோ பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று காணியை விற்றுச் சுவிஸுக்கு அனுப்பியது நான். அதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் அனுப்புவேன். உன்னோடு ஊரில் விளையாடித் திரிந்தவர்களின் பெயரைச் சொல்லிப் பார், எத்தனை பேர் மிச்சம் என்று. ஆனால் நீ இங்கே இருந்திருந்தால், அன்று மச்சான் சாவியை உன் கையில் தந்துவிட்டு என்னோடு துறைக்கு வந்திருப்பார். இந்தச் சொல்லை இத்தனை காலம் தொண்டைக்குள் வைத்திருந்தேன். இப்போது நீயே அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அதனால் சொல்கிறேன்.

மூத்திரப் பை தொங்குகிற உடம்போடு அம்மனைத் தொடக் கூடாது என்று மச்சான் குழாயைத் தானே எடுத்தார். உள்ளே நழுவாமல் பிடித்துக்கொள்ள அதன் நுனியில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னப் பந்து இருக்கும். குழாய் மாற்றுகிறபோது ஆசுபத்திரியில் தாதி மிஸ்ஸி செய்ததைப் பார்த்து வைத்திருந்தார். கிளைக் குழாயைப் பிளேட்டால் வெட்டி, தண்ணீரை வடியவிட்டு, மெல்ல இழுத்தார், வந்துவிட்டது. கிணற்றடியில் முழுகினார். அதற்குப் பிறகு கொஞ்சம் சலமும் போனது. அவருடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

“பாத்தியா தங்கச்சி, அம்மன் வழிய விட்டிட்டா! மச்சான், நீங்க போய் வயித்த வெட்டிட்டு வாங்க. நான் வெட்டாமலே வாறன்.”

“வெட்டினவன் வந்து உங்களுக்குக் கஞ்சி காச்சித் தர வேண்டி வரும்” என்றேன் நான்.

“கட்டாடிக்குக் கஞ்சி காச்ச முதல் நீங்க முழுகிட்டு வரணும்” என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் நல்ல உடம்போடு சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

நான் தனியாக ஆசுபத்திரிக்குப் போனேன். முதுகடியில், நாரியில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என் கால்கள் வேறு யாருடையவோ போல் ஆகிவிட்டன. கீறுவது தெரிந்தது, நோகவில்லை. எடுத்ததை டொக்டர் பிறகு ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டினார். நடுத்தரத் தேசிக்காய், ஒரு எலுமிச்சம்பழ அளவு. இதுவா என்னை வேலியோரம் வேலியோரமாக அலைய வைத்தது என்று எனக்குக் கேவலமாக இருந்தது. ஒரு குழாயால் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. இன்னொன்றால் செந்நிறமாக வெளியே வந்தது. அது வெளுத்துக்கொண்டு வருவதுதான் நல்ல குறி என்று மிஸ்ஸி சொன்னா. நான் பையைப் பார்ப்பதும் பக்கத்துக் கட்டிலைப் பார்ப்பதுமாகக் கிடந்தேன். அதில் வெள்ளை விரித்து வைத்திருந்தார்கள். டொக்டர் வந்து கேட்டார்.

“உங்கட மச்சான் எங்க?”

“கோயில் சடங்கு, ஐயா. கட்டாடியார்.”

“குழாய்?”

“எடுத்திட்டார்.”

டொக்டர் வெறும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். “அம்மன் அடுத்த வருசமும் இருப்பா. அடைச்ச சலப்பை அடுத்த நாள் இராது” என்றார். பிறகு மிஸ்ஸியைப் பார்த்து, கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த ஆள் காத்தான்குடி முஸ்லிம், ஆதம்பாவா காக்கா. அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் கால் வைக்கப் பயந்த காலம். என் மச்சானின் வெள்ளை விரிப்பில் அவர் ஏறிப் படுத்தபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் விடவில்லை.

“என்ன மச்சான், மொகத்தத் திருப்புறீங்க? உங்களுக்கும் மேல சாரம், கீழ குழாய். எனக்கும் அதுதான். சுவரப் பாத்தா மூத்திரம் வருமா?”

“நான் உங்கட மச்சான் இல்ல.”

“ஒரே பீலிக் குழாயில தண்ணி வாக்கிறம். இனி நீங்க ஆரு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்து வலியும் வந்தது. அந்த மனுசன் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதும் போகவில்லை. மச்சானின் உயிரை அவர் தூக்கிக்கொண்டு போவது போலத்தான் இருந்தது.

அங்கே ஊரில் மச்சான் விரதத்தோடு கதவு திறந்தார். ஒரு நேரச் சாப்பாடு, தண்ணீரும் குறைவு. அதனால் முதல் நாட்கள் தாக்குப் பிடித்தது. குளுத்தி நெருங்கியபோது அடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடிவயிறு பானை மாதிரி நிற்க, பட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குளுத்தி முடியும்வரை நின்றே இருந்தார். அம்மனைக் குளிரச் செய்கிற தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாராம், தன் வயிற்றுக்குள் இருந்த தண்ணீருக்கு வழியில்லாமல். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய பிறகுதான் விழுந்தார். அந்த நேரம் பார்த்து எங்கேயோ சண்டை, துறையை மூடிவிட்டார்கள். ஒரு பாதையும் ஓடவில்லை. பரியாரியார் வந்து நீர்முள்ளியும் நெருஞ்சிலும் அவித்துக் கொடுத்தார். சலம் பெருக வைக்கிற மருந்து. அவர் அறிந்தது அது. வாய்க்கால் அடைத்திருக்கும்போது குளத்தைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்று வயல் வட்டையில் நிற்கிற எந்த வெள்ளாமைக்காரனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். எங்கள் ஊரில் எல்லாரும் வெள்ளாமைக்காரர்தான். ஒருத்தரும் சொல்லவில்லை.

துறை திறந்தபிறகு, கதவுப் பலகை ஒன்றில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். உன் அம்மா கூடவே வந்தாள். வாட்டில் இடமில்லை, நிலத்தில் பாய் போட்டார்கள். குழாய் வைத்ததும் தேயிலைச் சாயம் போலச் சலம் வந்தது. வந்து என்ன? சலம் பின்னால் ஏறி இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்றார் டொக்டர். இரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரம் இங்கே இல்லை. இருக்கிற ஊருக்குக் கொண்டுபோக இந்த உடம்பு தாங்காது என்றார். அப்போது ஆதம்பாவா காக்கா, குழாயும் பையும் கையுமாகத் தன் கட்டிலை விட்டு இறங்கினார்.

“கட்டாடியார், இது உங்கட கட்டில். நான் சும்மா காவலுக்குப் படுத்திருந்த. ஏறுங்க.”

மச்சானைத் தூக்கிக் கட்டிலில் விட்டோம். தையல் பிரியும் என்று மிஸ்ஸி ஏசினா, நாங்கள் கேட்கவில்லை. மச்சான் விரிப்பைத் தடவிப் பார்த்தார். “நல்ல கட்டில்” என்றார். பிறகு இடுப்பில் இருந்த சாவியைக் காட்டி, “மருமகன் வந்தா குடுங்க” என்றார். அதற்குப் பிறகு அவருக்கு நினைவு மயங்கிவிட்டது. என் குழாயை எடுத்து, நான் என் காலில் நின்று, நூல் அறாமல் சலம் போன அன்று அவரைச் சவமாகக் கொண்டுபோனார்கள். பெருஞ்சத்தமாகப் போனது, மகன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் கக்கூசுக்குள் நின்று அழுதேன்.

அடுத்த வருசம் வைகாசியில் என்ன நடந்தது தெரியுமா? கோயிலை நடத்துகிற வண்ணக்கர்மார் கூடிப் பேசி, அடுத்த ஊரிலிருந்து ஒரு கட்டாடியாரைக் கூட்டி வந்தார்கள். அவர் கதவைத் திறந்தார், பூசை செய்தார், குளுத்தி பாடினார், போய்விட்டார். அம்மன் கோவிக்கவில்லை. மழை பெய்தது. வெள்ளாமை அந்த வருசம் நல்ல விளைச்சல். நெல்லு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு உன் அம்மா, “இதப் போன வருசமே செஞ்சிருக்கலாமே” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு சாகும்வரை அவள் அந்தக் கோயில் பக்கம் போகவில்லை. அந்தச் சாவி எந்தப் பூட்டையும் இப்போது திறக்காது. உங்கள் சங்கத்துக் காசில்தானே புதுக் கதவு போட்டார்கள்? பூட்டும் புதுசு. உன்னை வா என்று கூப்பிடுகிற வண்ணக்கர், மச்சான் பலகையில் கிடந்து வந்ததைப் பார்த்தவர் இல்லை. அவருக்குச் சுவிஸ்காரன் ஒருவன் வேட்டி கட்டிக் கதவு திறந்தால் திருவிழா கொஞ்சம் மினுங்கும். அவ்வளவுதான்.

சடங்கு உனக்குச் சாட்டு என்றும் எனக்குத் தெரியும். உன் பெண்சாதி அதையும் சொன்னாள். கொம்பியூட்டரில் எதையோ வாசித்துவிட்டு, “வெட்டினா மறுகா ஆம்பிளையா இரிக்க ஏலா” என்கிறாயாம். இந்த இடத்தில் உன் மச்சான் பேனையைக் கீழே வைத்துவிட்டான். எடுத்து எழுதடா என்றிருக்கிறேன். கேள். வெட்டின பிறகும் நான் உன் அம்மாவுக்குப் புருசனாகத்தான் இருந்தேன். வித்து மட்டும் வெளியே வராது, சலப்பைக்குள் போய்ச் சலத்தோடு போகும். நோகாது. முதல் மாதங்களில் இருமினால் துளி கசிந்தது, பிறகு நின்றது. எல்லா உடம்பும் ஒன்று இல்லை. உன் பயத்தை டொக்டரிடம் வாய் திறந்து கேள். அது கேட்கத்தானே நீ அந்த நாட்டுப் பாசை படித்தாய்? உங்களுக்கு இப்போது வயிற்றையும் கீறுவதில்லையாம், சலம் வருகிற வழியாலேயே கம்பி விட்டுச் சுரண்டி எடுத்துவிடுவார்களாம். உன் வீட்டிலிருந்து ஆசுபத்திரி நடக்கிற தூரம். இடையில் வாவி இல்லை. துறை இல்லை. சாரத்தைத் தூக்கச் சொல்ல ஒருத்தனும் இல்லை. பக்கத்தில் ஷெல் பட்டவன் கிடந்து உன் முறையைத் தள்ளவும் இல்லை. உன் மாமாவுக்கு இல்லாத அத்தனையும் உனக்கு இருக்கிறது, அவருக்கு இருந்த வீறாப்பும் சேர்த்து.

இந்த வைகாசிக்கு வராதே. வந்தால் நான் கதவு திறக்க மாட்டேன், வீட்டுக் கதவைச் சொல்கிறேன். வேண்டாம் என்ற நாளைத் திரும்பக் கேட்டு வாங்கு. உன் குழாய் எடுத்த பிறகு வா. உன் அம்மா இல்லாத இந்த வீட்டில் நானே உனக்குக் கஞ்சி காய்ச்சுகிறேன்.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் அந்த வாட்டை நினைத்துப் பார். வயிற்றைக் கீறிய டொக்டர் போய்விட்டார். ஏசின மிஸ்ஸி போய்விட்டா. கூட வந்து நிலத்தில் படுத்துக் கிடந்த உன் அம்மா போய்விட்டாள். மச்சானுக்குத் திவசமே உன் தங்கை வீட்டில்தான் கொடுக்கிறோம். என்னைக் கணக்கில் சேர்க்காதே, நான் போகிறவன். மச்சான் வேண்டாம் என்ற நாளில், மச்சானுக்கு விரித்த வெள்ளையில், மச்சானுக்கு வைத்த கத்திக்குப் படுத்தவர் ஒருவர் இருக்கிறார். வைகாசி பிறந்தால் இன்றைக்கும் எனக்குப் போன் எடுத்து, “என்ன மச்சான், பீலி ஓடுதா?” என்று கேட்கிறார். தன் பேரன்மாருக்குக் கலியாணம் செய்து வைத்துவிட்டார். உன் மாமாவின் ஆயுசை அவர் இருந்து கழிக்கிறார் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. அவர் மேல் பிழையில்லை. கட்டில் வெறுமையாகக் கிடந்தது, அவர் படுத்தார். அங்கே இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான், காத்தான்குடி ஆதம்பாவா காக்கா.